மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவள்

சண்டை போடத்தான் போனேன். குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு, பாதியில் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. இந்தப் பெண்ணுக்கு உதவித்தொகை, விடுதி எல்லாம் அலையாய் அலைந்து வாங்கியாகிவிட்டது. கடைசி நேரத்தில் போன் செய்து, "அப்பா அம்மா அனுப்ப மாட்டேங்கறாங்க மேடம்" என்கிறாள். நாளைக்குள் வருகிறேன் என்று சொல்லாவிட்டால் இடம் கைவிட்டுப் போய்விடும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு 'வாயாடி' என்று பெயர். அவள் பெற்றோர் இருவருக்கும் காது கேட்காது, பேச்சும் கிடையாது. சின்ன வயதில் எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாததால் எழுதப் படிக்கவும் தெரியாது. கைஜாடைதான் அவர்கள் மொழி. வெளியாட்களிடம் மூன்று பேருக்கும் சேர்த்து இவள்தான் பேச வேண்டும். வாயாடி ஆகாமல் என்ன செய்வாள்!

அப்பா சோபா தைப்பவர். வீட்டில் பாதி இடத்தைத் துணி உரித்த ஒரு சோபா அடைத்துக்கொண்டிருந்தது. அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். என்னை உட்காரவைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். இதற்கெல்லாம் மசிகிற ஆள் நானில்லை.

"மார்க் இருக்கு, பணத்துக்கும் வழி பண்ணியாச்சு. இவளைப் பிடிச்சு வீட்ல வெச்சா எப்படி? கேட்டுச் சொல்லு."

அவள் கைகள் பறந்தன. அப்பாவின் கைகள் பதில் சொல்லின.

"யோசிக்கணுமாம் மேடம்."

"இன்னும் என்ன யோசனை? பெத்த பொண்ணு முன்னுக்கு வர்றது பிடிக்கலையா? இவ்வளவு சுயநலமா? அப்படியே சொல்லு!"

அவள் சொன்னாள். வந்ததிலிருந்து அவள் முகத்தையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்த நான், அப்போதுதான் அவர்கள் பக்கம் திரும்பினேன். அம்மா வெட்கத்தோடு சிரித்தார். அப்பா பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

சுயநலக்காரன் என்று திட்டினால் யார் பிஸ்கட் கொடுப்பார்கள்?

"என்னடி சொன்ன அவங்ககிட்ட?"

வாயாடி முதல் தடவையாகத் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெல்ல, "பிஸ்கட் நல்லா இருக்குன்னு சொன்னேன்" என்றாள். "இடம் கெடைச்சதே அவங்களுக்குத் தெரியாது. நான் போயிட்டா இவங்களுக்கு யார் இருக்கா மேடம்? ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டர்கூட என்னைப் பார்த்துதான் பேசறார். இவங்க பக்கம் திரும்பறதே இல்ல."

சுருக்கென்றது. நானும் அதைத்தானே செய்தேன்? ஆனாலும் விடுவதாக இல்லை. எழுந்து நின்றேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஊமை நாடகம் ஆடுவது சும்மா இல்லை. அவளைக் காட்டினேன். புத்தகம் படித்தேன். இல்லாத பெட்டியைத் தூக்கிக்கொண்டு தூரத்தைக் காட்டினேன். அங்கேயே விடுதியில் தங்குவாள் என்று, கன்னத்தில் கைவைத்துத் தூங்கினேன். மறுபடி அவளைக் காட்டி, மாட்டேன் என்று தலையாட்டினேன்.

சிரித்துக்கொண்டிருந்த அம்மா சட்டென்று நிறுத்திவிட்டார். அப்பா மகளைப் பார்த்தார். அவர் கைகள் முதலில் மெதுவாக அசைந்தன, பிறகு வேகம் பிடித்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் தோளைத் தொட்டுத் திறக்கவைத்து, என்னைக் காட்டினார். சொல் என்கிறார் என்று எனக்கே புரிந்தது.

"சொல்லு. இந்தத் தடவை ஒழுங்கா சொல்லு."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி..." குரல் உடைந்தது. "நாங்க வேலைக்குப் போகலையா, வீடு பிடிக்கலையா, உன்னைப் பெத்துக்க ஆஸ்பத்திரிக்குப் போகலையா? அப்பல்லாம் யார் வந்து பேசினாங்கன்னு கேக்கறார்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ ஜாடை செய்தார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

"அம்மா என்ன சொல்றாங்க?"

"நீ பேச ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் எங்களுக்குப் பேச இடமே கெடைக்கலைங்கறாங்க."

இந்தத் தடவை அவர்களைப் பார்த்தே சிரித்தேன். அப்பா என்னைப் போலவே கன்னத்தில் கைவைத்துத் தூங்கிக் காட்டினார். பிறகு மகளைத் தாண்டிப் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார்.