அமுதவள்ளியின் இடது கை

கோவில்பட்டியில் நந்தகோபால் நடத்திவந்த மெல்லிசைக் குழுவில் புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் இருந்தார்கள். சங்கிலிப்பாண்டி பேஸ் கிட்டார், அமுதவள்ளி கீபோர்டு. பாடகர்கள் அடிக்கடி மாறுவார்கள். இவர்கள் இரண்டு பேரும் ரிதம் பேடு வாசிக்கிற சுடலைக்குமாரும் மாறியதே இல்லை.

சங்கிலிப்பாண்டி நல்ல வாசிப்புக்காரன். அதைச் சொல்லாமல் விட்டால் அவனுக்கு அநியாயம் செய்ததாகும். பாடுகிறவர் சுருதி தவறினாலும் அவன் பேஸின் கனத்த நாதம் கீழே நின்று தாங்கிக்கொள்ளும்.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில் மணியாச்சியிலிருந்து பைக்கில் வரும்போது விழுந்தான். மழைக்குக் கரிசல் மண் ரோட்டில் வழிந்து வழுக்கலாகக் கிடந்தது. இடது முழங்கை தரையில் மோதியது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் உணர்ச்சி திரும்பவில்லை. “நரம்பு நசுங்கியிருக்கு. வரலாம், வராமலும் போகலாம்” என்றார் திருநெல்வேலி டாக்டர். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை அழுத்த அந்த இரண்டு விரலும் வேண்டும்.

“நந்தகோபால் அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா வேற ஆளப் போட்டுருவாரு. யாருட்டயும் சொல்லாத” என்றான் சங்கிலிப்பாண்டி. பதினைந்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வழி கண்டுபிடித்தவள் அமுதவள்ளிதான். அவளுடைய கீபோர்டு, பின்னணியைத் தானே வாசிக்கிற வகை. இடது கையால் மூன்று கட்டையைச் சேர்த்து ஒரு கார்டாக அழுத்தினால் போதும், டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் அதுவே போட்டுக்கொள்ளும். அந்த பேஸை மட்டும் அணைத்துவிட்டு, இடது பக்கத்துக் கட்டைகளுக்கு பேஸ் கிட்டாரின் சத்தத்தை வைத்துக்கொண்டு, கையாலேயே வாசிக்கவும் முடியும்.

“நீங்க எப்பவும்போல நில்லுங்க. ஆம்ப்ளிஃபையர்ல சத்தத்த மூடிருங்க. நான் இடது கையில வாசிக்குதேன்” என்றாள்.

அவள் இடது கைக்கு அதுவரை மூன்று விரலைச் சேர்த்து அழுத்தத்தான் தெரியும். மத்தியானம் சாப்பிட்ட பிறகு சங்கிலிப்பாண்டி கட்டிலில் உட்கார்ந்து பேஸை வாயாலேயே பாடிக் காட்டுவான். அவள் வலது கை மெட்டை வாசிக்கத் தொடங்கினால் இடது கையும் அதன் பின்னாலேயே ஓடும்.

“ஏட்டி, ரெண்டும் ஒட்டிப் பிறந்த பிள்ளைங்க மாதிரி போகுது. பிரி, பிரி” என்று சிரிப்பான்.

நாலு மாதத்தில் பிரிந்தன. அதுவரைக்கும் கைக்கட்டைக் காட்டி லீவு சொல்லிவந்தவன், நாகலாபுரம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மறுபடியும் மேடையேறினான். அவன் விரல்கள் கம்பியில் சும்மா நடந்தன, அவள் இடது கை வாசித்தது. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. திரும்பும்போது வேனில் அவள் கையை மடியில் வைத்து விரல் விரலாகப் பிடித்துவிட்டான். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அன்றைக்குப் போல அவள் சந்தோஷப்பட்டதில்லை.

ஆறேழு மாதம் போன பிறகு அவன் சொல்லிக்கொடுக்காததெல்லாம் அவள் கைக்கு வரத் தொடங்கின. பாஞ்சாலங்குறிச்சியில் ஒரு கச்சேரி முடிந்ததும், பாட்டு தெரிந்த ஒருவர் மேடைக்கு வந்து சங்கிலிப்பாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கடைசிச் சரணத்துல பாட்டு கீழ இறங்கும்போது நீங்க மேல ஏறுனீங்க பாருங்க, அது யாருக்குய்யா தோணும்?”

“அதெல்லாம் அந்தந்த நேரத்துல வாரதுதான் அண்ணாச்சி” என்றான்.

அமுதவள்ளி பக்கத்தில் வயர் சுருட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும், “அது நான் போட்டது” என்றாள்.

“யாரு இல்லன்னா? என் கை செத்துப்போச்சுன்னு அவர்ட்ட சொல்லச் சொல்லுதியா?”

நியாயம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அதற்குப் பிறகு பாராட்டுகள் வந்துகொண்டே இருந்தன. அவனும் வாங்கிக்கொண்டே இருந்தான். கிட்டாருக்குப் புதுக் கம்பி மாற்றினான். மேடையில் கண்ணை மூடித் தலையை ஆட்டினான். இதைவிட, வீட்டுக்கு வந்து அவள் வாசிப்பில் குற்றம் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. “இன்னைக்கு ரெண்டு இடத்துல என் பேரக் கெடுத்துட்ட” என்பான்.

இந்தச் சித்திரையில் யூடியூப் சேனல்காரர் ஒருவர் அவனைப் பேட்டி எடுத்தார். அவனே அதைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் வாட்ஸப்பில் அனுப்பினான். அமுதவள்ளி அடுப்படியில் நின்றபடி பார்த்தாள்.

“ஒங்க வீட்டம்மாவும் கூட வாசிக்காங்களே?” என்று கேட்டார் பேட்டி எடுத்தவர்.

“அவ கார்டு மட்டும் பிடிப்பா. மிச்சத்த மெஷினே பாத்துக்கிடும். அதுல வாசிக்க என்ன இருக்கு?” என்று சிரித்தான் சங்கிலிப்பாண்டி.

மூன்று தடவை பார்த்துவிட்டு அவனிடம் வந்தாள்.

“இப்படிச் சொல்லணுமா?”

“சந்தேகம் வரக்கூடாதுன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“பேச்சுக்குச் சொன்னீங்களா, நெசமாவே அப்படித்தான் நெனைக்கீங்களா?”

அவன் கிட்டாரை எடுத்து, யாருமே கேட்கப்போகாத கம்பிகளுக்குச் சுருதி கூட்ட ஆரம்பித்தான்.

மறுவாரம் கோவில்பட்டி மண்டபம் ஒன்றில் கல்யாணக் கச்சேரி. தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. நாலாவது பாட்டில், இடையிசை வருகிற இடத்தில், சங்கிலிப்பாண்டி மேடையின் முன்னால் போய் நின்றான். கல்யாண வீட்டுப் பிள்ளைகள் செல்போனைத் தூக்கினார்கள். அவன் முட்டியை மடக்கி, கிட்டாரைச் சாய்த்து, கண்ணை மூடினான்.

அமுதவள்ளி இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டிரம்ஸ் ஓடியது, வலது கை வாசித்தது, பேஸ் மட்டும் இல்லை. அவன் விரல்கள் இரண்டு வரிக்குச் சும்மா ஓடிவிட்டு நின்றன. திரும்பி அவளைப் பார்த்தான். அந்த முகத்தில் கோபமே இல்லை. சபை நடுவில் வேட்டி அவிழ்ந்தவனின் முகம் அது. கூட்டத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பந்திக்கு இடம் பிடிக்கப் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

இதோடு கையைத் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாள். அதற்குள் நந்தகோபால் மேடையேறிவிட்டார். பாட்டு நிற்கக்கூடாதே என்ற பதற்றத்தில், சத்தம் போய்விட்டது என்று நினைத்து, சங்கிலிப்பாண்டியின் ஆம்ப்ளிஃபையரைத் தானே திருகினார்.

“வாசிலே!” என்றார்.

அவன் பயத்தில் வாசித்தான். அழுந்தாத கம்பி டப், டப்பென்று மண்டபம் முழுக்க அடித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையிலிருந்து தலையைத் தூக்கினார்கள். செல்போன் பிடித்திருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அமுதவள்ளி அவசரமாக இடது கையைக் கட்டையில் வைத்தாள். ஒழுங்கான பேஸ் அவள் பக்கமிருந்து வருவதைக் கேட்டு நந்தகோபால் மெதுவாகத் திரும்பினார்.

மண்டபத்துப் பின்வாசலில் வைத்துக் கேட்டார். “எத்தன நாளா நடக்குது?”

“ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்” என்றாள்.

சுடலைக்குமார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு ரெண்டாவது மாதமே தெரியும் என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

“அப்ப இனி நீ மட்டும் வந்தாப் போதும்மா” என்றார் நந்தகோபால். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. ஓர் ஆள் சம்பளம் மிச்சம் என்ற நிம்மதிதான் அந்தக் குரலில் இருந்தது.

“அவிய இல்லாம நான் வரமாட்டேன் அண்ணாச்சி.”

“வருவா” என்றான் சங்கிலிப்பாண்டி. “ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்தா அடுப்பு எரியாது. அவளுக்கு வேண்டியதும் இதுதான்.”

அப்படியில்லை என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. இப்போது ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழித்துக் கொடுக்கிறான். வீட்டில் சோறு, தண்ணீர், கரண்ட் பில் இதற்கு மட்டும்தான் பேச்சு.

போன வாரம் விளாத்திகுளம் பக்கம் ஒரு கச்சேரிக்குப் போயிருந்தாள். முடிந்ததும் ஒரு பெரியவர் வந்தார்.

“போன வருஷம் ஒங்கள்ட்ட பேஸ் வாசிச்சாரே, அவரு எங்கம்மா? இப்ப மெஷின்லதான போடுதீங்க? என்ன இருந்தாலும் அவரு கை மாதிரி வரல.”

அவள் கீபோர்டை உறையில் போட்டு மூடினாள்.

மறுநாள் காலையில் சங்கிலிப்பாண்டிக்குக் காப்பி கொடுக்கும்போது அதை அவனிடம் சொன்னாள். ஆறுதலுக்குச் சொன்னாளா, குத்திக்காட்டச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை. பல மாதத்துக்குப் பிறகு அவன் முகம் மலர்ந்தது.

“காது உள்ளவன் சொல்லுதான், கேட்டுக்கோ” என்றான்.