கால் யாருடையது

அறுவை அரங்கின் வாசலில் தள்ளுவண்டியின் பிரேக்கை மிதித்து நிறுத்தினாள் நர்ஸ். வார்டில் அவளுக்குக் ‘குண்டூசி’ என்று பட்டப்பெயர். குத்தாமல் பேசத் தெரியாதாம்.

வண்டியில் படுத்திருந்தவர் லாரி ஓட்டுநர். சர்க்கரை நோயில் இடது பாதம் கறுத்துப்போயிருந்தது.

“ஐயா, இன்னைக்கு என்ன செய்யப் போறாங்கன்னு தெரியுமா?” எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

“புண்ணைச் சுத்தம் பண்ணிக் கட்டுப் போடுவாங்களாம். பையன் சொன்னான். பத்து நாள்ல வண்டி எடுத்துடலாமாம்.”

படிவத்தைப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே காலை அகற்றச் சம்மதம். கையெழுத்து மகனுடையது.

மகனைச் சுவரோரம் கூப்பிட்டாள். “அப்பாகிட்ட சொல்லலையா?”

“சொன்னா ஒத்துக்க மாட்டாரு சிஸ்டர். மயக்கம் தெளிஞ்சப்புறம் பக்குவமா சொல்லிக்கிறோம்.”

“அப்போ போர்வையை விலக்கிப் பார்த்தா அவருக்கே தெரியும். நீங்க என்னத்தைச் சொல்றது?”

அறுவை மருத்துவர் கதவைத் திறந்தார். “யாரு நிறுத்தினது?”

“நான்தான் டாக்டர். அவரு நல்ல நினைவோட இருக்காரு. அவர்கிட்ட சொல்லாம வண்டி நகராது.”

“வீட்டுல கையெழுத்துப் போட்டாச்சு. உள்ள தள்றதுதான் உங்க வேலை.”

“கேட்டுட்டுத் தள்றதுதான் என் வேலை. கால் அவரோடது.”

அவள் வழிவிடவில்லை. மருத்துவர் பல்லைக் கடித்தபடி குனிந்து, எல்லாவற்றையும் ஓட்டுநரிடம் சொன்னார்.

ஓட்டுநர் மகனிடம் திரும்பினார். “எங்க போறோம்னு சொல்லாம உன்னை என்னைக்காவது வண்டியில ஏத்தியிருக்கேனாடா?”

பிறகு மருத்துவரைப் பார்த்தார்.

“எடுக்கலைன்னா?”

“விஷம் உடம்பு முழுக்க ஏறிடும்,” என்றார் மருத்துவர்.

“நாளைக்கு எடுத்தா?”

“காலை வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல முடியாது.”

“அப்போ நாளைக்குக் காலையில. என் பொண்டாட்டிகிட்ட நானே சொல்லணும்.”

மாலையில் மனைவி அழுது ஓய்ந்தபின், நர்ஸ் இருவருக்கும் விளக்கினாள்: வலி எத்தனை நாள் இருக்கும், எப்படி எழுந்து நிற்பது, செயற்கைக் கால் எங்கே பொருந்தும்.

“அதை வெச்சுக்கிட்டு கியர் போடலாமா?”

“கியரைக் கையாலதானே போடுறீங்க? கிளட்ச்சுக்குத்தான் வழி தேடணும்.”

ஓட்டுநர் வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாள் காலை புதுப் படிவத்தில் தன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினார். “இப்போ தள்ளுங்கம்மா,” என்றார்.

அவரை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பியபோது, மேசையில் அவள் பெயருக்கு ஒரு மெமோ காத்திருந்தது. அறுவை சிகிச்சையைத் தாமதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள்.

நின்றபடியே பதில் எழுதினாள்: “நோயாளிக்குத் தெரியாமல் அவர் காலை எடுக்க இருந்தார்கள். நிறுத்தினேன். இனியும் நிறுத்துவேன்.”