பிறந்தநாளுக்கு முன்தினம்

மறுநாள் சீசரின் பிறந்தநாள். முன்தினம் பொழுது சாய்வதற்குள், சிலுவையில் செத்தவர்களை இறக்கி உறவுக்காரர்களிடம் கொடுத்துவிடுவது அலெக்சாந்திரியாவில் வழக்கம். ஊர்வலம் போகும் பாதையில் பிணவாடை அடிக்கக்கூடாது, அவ்வளவுதான். அதற்குக் கருணை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

என் புருஷன் ஒன்னோப்ரி இன்னும் சாகவில்லை. அதுதான் என் கவலை.

மூன்று நாளாகக் கால்வாய்க் கரையில் தொங்குகிறான். நைலில் துடுப்புப் போட்ட உடம்பு, லேசில் விடுமா? கைகளைக் கயிற்றால் கட்டி, குதிகால்களில் ஆணி அடித்திருந்தார்கள். மூச்சு விட வேண்டுமென்றால் அந்த ஆணியின் மேலேயே எம்ப வேண்டும். தலைக்கு மேலே ஒரு பலகை: 'வரி அதிகாரியை அடித்தவன்'. அடித்தது உண்மை. எங்கள் படகைப் பிடுங்க வந்தவனை நானும்தான் துடுப்பால் போட்டேன். அதை யாரும் பார்க்கவில்லை. ரோமக் குடிமகன் அடித்திருந்தால் அபராதத்தோடு போயிருக்கும். எகிப்தியர்கள் எங்களுக்குத்தான் சிலுவைமரம்.

காவலுக்கு நின்ற திரேஸ் நாட்டுச் சிப்பாய் தார்சாவிடம் விசாரித்தேன். உயிரோடு இருப்பவனை இறக்க மாட்டார்களாம். விழா முடிந்த பிறகு செத்தால் உடலும் கிடைக்காது, நாய்க்கும் பருந்துக்கும்தான் என்றான். எங்களில் உடல் அழிந்துபோனவனுக்கு மறுவுலகமே கிடையாது. பருந்துக்கு அவனைக் கொடுப்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

"காலை ஒடிச்சா?" என்று கேட்டேன்.

தார்சா என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒடிச்சா எம்ப முடியாது, சீக்கிரம் முடிஞ்சிரும். ஆனா நீ வாய்விட்டுக் கேக்கணும்மா. நாளைக்கு வந்து, நீ கேக்காமலே நான் கொன்னுட்டேன்னு அழக்கூடாது."

சிலுவை அப்படியொன்றும் உயரமில்லை. கல்லின்மேல் ஏறி நின்று, ஒன்னோப்ரியின் காதில் விஷயத்தைச் சொன்னேன். பதில் சொல்ல அவன் மூன்று முறை எம்ப வேண்டியிருந்தது.

"கேளு புள்ள. அந்த ஒலகத்துலயும் படகுதானே. உக்காந்தே ஓட்டிக்கிறேன்."

அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டுத் திரும்பினேன்.

"ஒடிங்கய்யா. நான்தான் கேக்குறேன்."

தார்சா சம்மட்டியை எடுத்தான். நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கேட்டவள் பார்க்கத்தான் வேண்டும்.

வெயில் இருக்கும்போதே இறக்கினார்கள். எங்கள் நாட்டில் மரத்துக்குப் பஞ்சம். அதனால் அடுத்தவனுக்கு வேண்டும் என்று சிலுவையை வண்டியில் ஏற்றிப் போனார்கள். பலகையை மட்டும் யாரும் சீந்தவில்லை. கல்லால் தட்டி அதை நெடுக இரண்டாகப் பிளந்தேன். முறிந்த கால்களை நேராக்கி, காலுக்கொரு துண்டு வைத்து, அவன் கைகளைக் கட்டியிருந்த கயிற்றாலேயே இறுகக் கட்டினேன்.

"செத்தவனுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றான் தார்சா.

"போற எடத்துலயும் எவனாவது வரி கேட்டு வருவான். எங்காளு எந்திரிச்சு நிக்கணும்ல."