உள்ளங்கைச் சீனி

டாக்டர்மாரைக் கண்டாலே சவரியம்மாவுக்குப் பொய் தானாக வாயில் வந்துவிடும்.

"ஒண்ணும் குடுக்கிறதில்லைங்க டாக்டரம்மா. நீங்க சொன்ன குரக்கன் ரொட்டியும் கீரையுந்தான்" என்று சொல்லிவிட்டு, மாத்தளை கிளினிக்கின் சுவரில் ஒட்டியிருந்த கொழுத்த குழந்தையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எட்டு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்த மகள் மார்ஜரி, சீனி வருத்தம் பார்க்க ரத்தம் எடுத்த விரலைப் பஞ்சால் அழுத்தியபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

மருமகன் ரபாயேல் தேயிலை மலைக்கு வேலைக்குப் போனதும் லயத்து ஒற்றையறைக் காம்பராவில் நடப்பது அவர்கள் இருவருக்கும்தான் தெரியும். தேங்காய்ப்பால் ஊற்றிய சோறு வரும். அதன்பின் சாயத்தண்ணி என்கிற பாலில்லாத தேநீர். தோட்டத்தில் சாயத்தண்ணிக்குள் சீனியைப் போட்டுக் கலக்குகிறவர்கள் குறைவு. உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிப்பார்கள்; அப்போதுதான் கொஞ்சம் சீனி நிறைய நேரம் வரும். சவரியம்மா மகளின் கையில் வைப்பதோ கொஞ்சமல்ல, குவியல். வீட்டில் உப்பில்லாத நாள் உண்டு, சீனியில்லாத நாள் கிடையாது.

மார்ஜரிக்கு இது மூன்றாவது. முதல் இரண்டும் கடைசி மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போயின. இரண்டும் கொழுகொழுவென்று பெரிய பிள்ளைகள். நல்லாச் சாப்பிட்ட பிள்ளை எப்படிச் சாகும் என்று சவரியம்மா வஹகோட்டைக் கோயில் வாசலில் நின்று அந்தோனியாரிடம் சண்டையே பிடித்திருக்கிறாள். அவர் பதில் சொல்லவில்லை. ஆகவே இந்த முறை இன்னும் கூட்டிக் கொடுத்தாள்.

டாக்டர் ஸக்கியா மாத்தளைப் பிள்ளைதான். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மார்ஜரியின் அட்டையைப் பார்த்தாள்.

"மார்ஜரி பொறந்தது எழுவத்தி நாலா? அப்ப தோட்டத்துல சாப்பாடு இருந்திச்சா அம்மா?"

சவரியம்மா சிரித்துவிட்டாள். இவளிடம் எதைச் சொல்வது? கூப்பன் அரிசியும் மாவும் வெட்டப்பட்டு, கொழுந்து எடுக்கிறவள் கூடையோடு சரிந்து விழுந்த வருசம் அது. மரவள்ளித் தோலை வேகவைத்துத் தின்றாள். பேர் தெரியாத கீரையைத் தின்று வாந்தியெடுத்தாள். வவுனியாப் பக்கம் வேலை தேடி நடந்துபோன புருசன் திரும்பவேயில்லை. நிறைமாதத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்று கை நீட்டினாள், கதவைச் சாத்தினார்கள். அன்றைக்குத்தான் நேர்ந்துகொண்டாள்: என் வயிற்றில் பிறந்தது கையை நீட்டினால் அது ஒருநாளும் வெறுங்கையாகத் திரும்பாது.

"பட்டினிதாங்க" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். "அம்மா, தாய்கிட்ட இருந்து புள்ளைக்கு வாறது மூக்கும் நெறமும் மட்டுமில்ல. ஜீன்னு ஒண்ணு இருக்கு, அது மாறாது. ஆனா அதுக்கு மேல சுவிட்ச் மாதிரி இருக்கு. தாய் பட்டினி கெடந்தா வயித்துல இருக்கிற புள்ளைக்குச் சில சுவிட்ச் மாறிப்போகுமாம். வெளிய பஞ்சம், கெடைக்கிறத எல்லாம் சேத்து வையின்னு ஒடம்பு படிச்சிக்கும். வேற நாட்டுல ஒரு பஞ்சத்துக்குப் பொறகு இத ஆராய்ஞ்சு பாத்திருக்காங்க. எல்லாம் இன்னும் தெரியாது. ஆனா அப்படிப்பட்ட ஒடம்புக்கு இப்ப சீனியும் சோறும் அள்ளிக் குடுத்தா தாங்காது. புள்ள பெருசா ஊதும். பொறகு திடீர்னு துடிப்பு நிண்டுரும்."

சவரியம்மா மகளின் வயிற்றைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொண்ணு. பொம்பளப் புள்ள வயித்துக்குள்ள இருக்கயிலேயே அதோட முட்டையெல்லாம் உருவாயிரும். மார்ஜரிய நீங்க சொமந்தப்ப, இந்தப் புள்ளைக்குரிய முட்டையும் அங்கதான் இருந்திச்சு. அந்தப் பட்டினியில நீங்க மூணு பேரும் ஒண்ணா இருந்திருக்கீங்க."

"அப்ப நான் குடுத்தது பசிதானுங்களா?"

"நீங்க குடுக்கல்ல. ஒங்களுக்கு நடந்தது அது." டாக்டர் அவள் முகத்தையே பார்த்தாள். "இனிக் குடுக்கப்போறதுதான் ஒங்க கையில இருக்கு. புள்ள ஆடுறது கொறைஞ்சா ஒடனே ஆஸ்பத்திரிக்கு வரணும். சாப்பிட்டுப் பாத்துக்கிட்டு இருக்கக்கூடாது."

திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். 2008ஆம் ஆண்டு, வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்ததால் இங்கே தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டை இரண்டு தரம் புரட்டப்படும். வெயிலில் வரிசையில் நின்றபோது சவரியம்மா மெதுவாகக் கேட்டாள்:

"ஒனக்குச் சீனி வருத்தத்துக்கு ஊசி போடத் தொடங்கினதிலேர்ந்து இது கூடாதுன்னு தெரியுந்தானே? பொறகு ஏண்டி தின்ன?"

"வேணாம்னு சொன்னா நீ அழுவம்மா."

இரண்டு பேரப்பிள்ளைகளையும் என் கையாலேயே ஊட்டிக் கொன்றேனே என்று சவரியம்மா நினைத்தாள். பெற்றவள் செய்கிற காரியமா இது!

அன்றைக்கே சீனி டின்னைக் கூரைத் தகரத்துக்கும் வளைமரத்துக்கும் நடுவில் செருகினாள். அதன்பிறகு காம்பராவில் பெரும்பாடு. மார்ஜரிக்குப் பசி. பழகிய வயிறு, கேட்கத்தானே செய்யும்! பானைப் பக்கம் பார்ப்பாள், கோபத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பாள். பிள்ளை பசியென்றால் உயிரைக் கொடுக்கிற சவரியம்மா, அவித்த கீரையைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்று அழுவாள். முப்பத்தி நாலு வருசத்துக்குமுன் அவள் முகத்தில் கதவைச் சாத்தியவளும் இப்படித்தான் உள்ளே நின்று அழுதாளோ என்னவோ.

ஒரு சனிக்கிழமை, மழை கட்டிக்கொண்டு வந்த பின்னேரத்தில், மார்ஜரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, காலையிலேர்ந்து ஆடல்ல."

"என்னடி சொல்ற? இவ்வளவு நேரம் ஏன் சொல்லல்ல?"

"தூங்குதுன்னு நெனச்சேன்."

ரபாயேல் செருப்பைக்கூடப் போடாமல் சந்திக்கு ஆட்டோ பிடிக்க ஓடினான். மகளின் முகம் வெளுத்துக் கிடந்தது. கூரையைப் பார்த்தாள். டின் எங்கே இருக்கிறதென்று அவளுக்கும் தெரியும்போல.

"கொஞ்சம் சீனி தாம்மா. இனிப்புப் பட்டாத் துள்ளும். போன தடவ நீதானே அப்படிச் செஞ்ச?"

செய்தாள்தான். போன தடவை ஒரு கை சீனி வைத்தாள், பிள்ளை துள்ளவும் செய்தது. துள்ளியதென்று சந்தோசப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் படுத்துவிட்டார்கள். விடிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"ஒரு துளி போதும்மா. இருக்கான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்." மார்ஜரி வலது கையை நீட்டினாள்.

சவரியம்மாவின் கை தானாக வளைமரத்தை நோக்கி எழும்பியது. விரல் டின்னின் விளிம்பில் பட்டது. அந்தோனியாரே, நீர் என்னை இப்படியா சோதிக்க வேணும் என்று வாய்விட்டே கத்தினாள். பிறகு கையை வெறுமையாக இறக்கினாள்.

"தரமாட்டேன் தங்கம். என்னால ஏலாது."

மார்ஜரி அழவில்லை. நீட்டிய கையை மடக்கவுமில்லை. சவரியம்மா கட்டிலில் ஏறி அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, மகளைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். திறந்து கிடந்த அந்த உள்ளங்கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்தாள். தகரத்தில் மழை விழத் தொடங்கியது. கீழே எங்கோ வளைவில் ஓர் ஆட்டோ மேட்டில் ஏற முடியாமல் நின்றது, மறுபடி முக்கி முனகியது. ஒன்றின்மேல் ஒன்றாக இருந்த இரண்டு கைகளும் அசையாமல் காத்திருந்தன.