இல்லாத மாடியில் ஹல்டா

அமெரிக்காவின் மொன்டானாவில், கெட்டில் ஃபோர்க் ஊரின் பழைய இரும்புக்கடை, ஊரில் யாராவது பீற்றிக்கொள்ளும் போதெல்லாம் முன்பக்கம் உயர்ந்தது. அதே அளவுக்குப் பின்பக்கம் சுருங்கியது. அந்தத் தெருக் கடைகள் எல்லாமே ஒற்றைத் தளம்தான். ரயிலில் வந்து இறங்குகிறவன் மதிக்க வேண்டுமே என்று, தெருவைப் பார்த்த பலகைச் சுவரை மட்டும் கூரைக்கு மேலே தூக்கிக் கட்டி, மாடி இருப்பது போல ஜன்னலும் வைத்துவிடுவார்கள். ஜன்னலுக்குப் பின்னால் வானம். மற்றக் கடைகளின் சுவர்கள் கட்டிய உயரத்தோடு நின்றுகொண்டன. ஹல்டா டோர்சனின் இரும்புக்கடைச் சுவருக்குத்தான் ஊராரின் பீற்றல் உரமாகிவிட்டது.

ஹல்டா கைம்பெண். கடையின் பின்னறைதான் அவளுக்கு வீடு. வெள்ளிச் சுரங்கம் மறுபடி திறக்கப்போகிறது என்று மேயர் லைல் ப்ரூயிட் அளந்துவிட்ட வருடம், பின்சுவர் நெருக்கி அவளுடைய அடுப்பு வெளியே புல்வெளிக்குப் போனது. ஊருக்கு ரயில் வருவது நின்றதும், "நாமதான் வேணாம்னு சொல்லிட்டோம்" என்று ஊரே மீசையில் மண் ஒட்டாமல் பேசிய வருடம் கட்டிலும் போனது. ஹல்டா ஆணி மூட்டைகள் மேல் படுத்துக்கொண்டாள். பாவம், முதுகு என்ன பாடு பட்டிருக்கும்! கடைசியில் கட்டடத்துக்குப் புராதனச் சின்னம் என்ற பெருமை கிடைத்தது. 'கம்பீரமான மாடிக் கட்டடம்' என்று பொறித்த வெண்கலப் பலகையை மேயர் திறந்துவைத்தார். கைதட்டல் ஓய்வதற்குள் கடை ஒரு கதவின் பருமனுக்கு வந்துவிட்டது.

"ஏம்ப்பா லைல், நான் இனிமே எங்க படுக்கறது?" என்று கேட்டாள் ஹல்டா.

"முன்னாடி நின்னு பாருக்கா, எவ்ளோ அம்சமா இருக்கு! நீ எதுக்குப் பின்னாடியே போய்ப் பாக்கற?"

"சரி, முன்னாடியே பாக்கறேன். மாடி இருக்குன்னு பலகையில போட்டிருக்கியே, அது நெசந்தானே?"

ஊரே கூடியிருந்தது. பத்திரிகைக்காரன் வேறு நின்றான். மேயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நெசந்தான்."

ஹல்டா ஏணியைச் சாத்தி ஏறி, பொய் ஜன்னலைத் தள்ளித் திறந்து, உள்ளே காலை வைத்தாள். கால் அந்தரத்தில் ஊன்றி நின்றது. அடுப்பையும் கட்டிலையும் ஆணி மூட்டைகளையும் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டாள். பின்பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்கு வெறும் வானத்தில் பருந்து வட்டமிடுவது மட்டும் தெரிந்தது. அதை வெளியே சொன்னால் பலகை பொய்யாகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டார்கள். இன்றைக்கும் ஆணி வேண்டியவர்கள் கீழே நின்று குரல் கொடுக்கிறார்கள். ஹல்டா வாளியில் இறக்குகிறாள். சனிக்கிழமை காலையில், மேயர் தெருவில் வரும் நேரம் பார்த்துக் கம்பளத்தை ஜன்னலுக்கு வெளியே உதறுகிறாள். அவர் தொப்பியைக் கழற்றித் தூசியைத் தட்டிக்கொள்கிறார்.

"மாடி வீட்டுக்காரங்கன்னா அப்படித்தான் இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு நடக்கிறார்.