சேரன்மகாதேவிக்குப் போன சாட்சி

பாளையங்கோட்டையில் தேவசிகாமணியைத் தேடி அந்த இளைஞன் வந்தது 1993 மார்ச்சில். பெயர் கணேஷ்ராம் என்றான். ரெஜிமெண்டின் வரலாறு புத்தகமாக வரப்போகிறது, தானும் அங்கே ஐந்து வருஷம் இருந்தவன்தான், பழைய ஆட்களிடம் கேட்டு எழுதுகிறேன் என்றான்.

தேவசிகாமணி ராணுவத்தில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ரெஜிமெண்ட் என்ற சொல் காதில் விழுந்தாலே நிமிர்ந்து உட்காருவார். அன்றைக்கும் உட்கார்ந்தார், ஆனால் பேசப் பேச நெஞ்சில் ஏதோ உறுத்தியது. வந்தவனுக்கு ரெஜிமெண்ட் ஆரம்பித்த கதை வேண்டாம். உலகப் போர் வேண்டாம். சுற்றிச் சுற்றி எழுபத்தொன்று டிசம்பர் போரில் இவருடைய கம்பெனி ஆறு கடந்த இடத்துக்கே வந்து நின்றான்.

அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போனவரிடம் மனைவி பியூலா கிசுகிசுத்தாள். "காலம் கெட்டுக் கெடக்கு. ஆளு யாருன்னு தெரியாம வாயத் தொறக்காதீங்க."

திரும்பி வந்தவர் உட்காரவில்லை. ரெஜிமெண்டின் போர்முழக்கத்தை அடிவயிற்றிலிருந்து கத்தினார். அங்கே ஒரு நாள் இருந்தவன்கூடத் துள்ளி எழுந்து மறுகுரல் கொடுப்பான். இவனோ மிரண்டுபோய்க் காப்பியை மடியில் கொட்டிக்கொண்டான்.

"யாருலே நீ? எவன் அனுப்பிச்சான்?" வாசல் கதவைச் சாத்திவிட்டுக் குறுக்கே நின்றார்.

"யாரும் அனுப்பல. சேரன்மாதேவி குற்றாலலிங்கம் மவன் நான். அப்பா பேரச் சொன்னாலே எல்லாரும் வாய மூடிக்கிடுதாங்க. அதான் பொய் சொன்னேன்."

"ஏன் மூடணும்?"

"காணாமப் போனதா மட்டுந்தான் பட்டாளத்துலருந்து தாக்கல் வந்துச்சு. சண்டைக்குப் பயந்து ஓடிட்டாருன்னு ஊருல சொல்லுதாங்க."

தேவசிகாமணி கதவை விட்டு வந்தார். அப்படியே நாற்காலியில் சாய்ந்தார்.

"ஓடுனானா? இடுப்புல கயித்தக் கட்டிட்டு முதல்ல நீந்துனவம்லே அவன். அந்தக் கயித்தப் புடிச்சுத்தான் கம்பெனியே அக்கரை சேர்ந்துச்சு. கடைசில வந்த எனக்குக் கை வழுக்கிட்டு. திரும்பக் குதிச்சு, என் கையில கயித்தத் திணிச்சான். அவன வெள்ளம் அடிச்சிட்டுப் போயிட்டு. கேப்டன்கிட்டச் சொன்னேன். மறுநாள் அவரும் குண்டடிபட்டுச் செத்தாரு. நான் காயத்தோட ஆஸ்பத்திரில கெடந்தேன். உங்க வீட்டுக்கு எழுதியிருப்பாங்கன்னுல்ல இத்தன வருஷமும் நெனச்சேன்!"

அன்றிரவே ரெஜிமெண்ட் தலைமையகத்துக்கு நடந்ததை எழுதினார். மறுநாள் காலை பதக்கங்களைக் குத்திக்கொண்டு, கணேஷ்ராமோடு சேரன்மகாதேவிக்கு பஸ் ஏறினார்.

குற்றாலலிங்கத்தின் மனைவி பிரம்மநாயகி எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். முகத்தில் ஒரு அசைவில்லை.

"அண்ணாச்சி, எம் மவன் எனக்கு ஆறுதல் சொல்ல ஆளு புடிச்சாந்திருக்கானா?"

தேவசிகாமணிக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபம் வரவில்லை. நேற்று தானும் இப்படித்தானே நின்றோம் என்று நினைத்துக்கொண்டார்.

"கயித்தக் கட்டச் சட்டையக் கழத்துனான்மா. இடது தோள்ல வெந்த தழும்பு. சின்னதுல வெந்நிப்பானை சாஞ்சதுன்னான். அதுக்கு மேல தண்ணி என்னய என்ன செஞ்சிரும்னு சிரிச்சான்."

பிரம்மநாயகி தூணைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கி, எதிர்வீடு, பக்கத்துவீடு என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினாள்.

"எல்லாரும் வாங்க. என் வீட்டுக்காரரு எங்கன ஓடுனாருன்னு இந்த அண்ணாச்சி சொல்லுதாரு. வந்து கேளுங்க."

தெரு கூடியது. தேவசிகாமணி விறைத்து நின்று முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தார்.