வகுபடாத தொகை

பிரியாத தாம்பத்தியத்தின் விலை எங்கள் சூரத்தில் ஒரு ரூபாய். எத்தனை லட்சம் மொய் வைத்தாலும் மேலே ஒரு நாணயம் வைத்துவிடுவோம். அந்த ஒரு ரூபாய் சேர்ந்தால் தொகையைப் பங்கு போட முடியாதாம், ஜோடியும் பிரியாதாம். ஒரு வைரத்தை நூறு தடவை லென்ஸில் பார்த்து வாங்குகிற நாங்கள், இந்தக் கணக்கை ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்ததில்லை.

என் மகள் ஜினலின் நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளையின் அம்மா கோகிலாபென் வெள்ளித் தட்டை நீட்டினார். பத்து லட்சம், மேலே ஒரு ரூபாய்.

"எடுத்துக்கோ பேட்டா. இதை எவனாலயும் வகுக்க முடியாது."

என் மகள் கல்லூரியில் கணக்கு நடத்துகிறவள். வாயை மூடிக்கொண்டு வாங்கியிருக்கலாம்.

"நூத்தியொண்ணால வகுபடுமே, மம்மி."

கோகிலாபென் சிரித்துக்கொண்டே கைபேசியில் தட்டினார். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று. மீதி ஒன்றுமில்லை. இன்னொரு தடவை தட்டினார். சிரிப்பு போய்விட்டது.

"அய்யோ, நூத்தியொரு துண்டா!"

தட்டு பின்னால் நகர்ந்தது. கூடத்தில் ஜிலேபி மெல்லும் சத்தம்கூட நின்றுபோனது. இவளுக்கு மூன்று வருடம் தேடி அமைந்த இடம். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணமும் கண் முன்னே வந்து போனது.

அப்போது தேநீர்த் தட்டோடு நின்றாள் நிமிஷா, கோகிலாபென்னின் மகள். கல்யாணமாகி இரண்டே வருடத்தில் திரும்பி வந்தவள். 'உன் நாக்குதான் உன் வாழ்க்கையைக் கெடுத்தது' என்று அம்மாவிடம் தினமும் திட்டு வாங்குகிறவள்.

"என்னோடது அஞ்சு லட்சத்து ஒண்ணு. அது?"

ஜினல் தயங்கினாள். "இலக்கத்தைக் கூட்டினா ஆறு வருது, அக்கா. மூணால வகுபடும்."

"சரியாத்தான் இருக்கு. நானு, அவரு, அவரோட அம்மா."

கோகிலாபென்னின் முகம் வெளுத்தது. அந்த ஐந்து லட்சத்து ஒன்றைத் தன் கையாலேயே எண்ணி வைத்தவர் அவர்.

"அம்மா, இந்தப் பொண்ண விட்டுடாத. நம்ம வீட்டு மொய்யை முதல் தடவையா சரி பார்த்தவ இவதான்."

பிறகு கோகிலாபென் மெல்லக் கேட்டார். "எதாலயும் வகுபடாத எண்ணுன்னு ஒண்ணு இருக்கா, பேட்டா?"

"பகா எண். பத்து லட்சத்து மூணு."

"மங்கள காரியத்துல மூணா!"

ஜினல் கைபேசியைத் தடவினாள். "பத்து லட்சத்து எண்பத்தொண்ணு. ஒண்ணுல முடியுது. அதையும் ஒண்ணையும் தவிர எதாலயும் வகுபடாது."

கோகிலாபென் நாலைந்து எண்களால் வகுத்துப் பார்த்தார். எதற்கும் மசியவில்லை. உடனே என் பக்கம் திரும்பினார். "சில்லறை இருக்கா, சம்பந்தி? அப்புறம் தந்துடறேன்."

சம்பந்தி என்றார்! சட்டைப் பையைத் துழாவினேன்.

கொண்டுவந்தது 10,00,001. நிமிஷா போட்டது 30. நான் போட்டது 50. மொத்தம் 10,00,081; தட்டு ஜினலின் கையில்.

என் ஐம்பது மட்டும் இன்னும் வரவில்லை.